போன் வெளிச்சத்தால கண் காயுமா?

நீல வெளிச்சம் கண்ண காய வைக்குது, நீல வடிகட்டிக் கண்ணாடி வாங்கவோ எண்டு கேட்டிருந்தீங்க. நான் திருகோணமலைதான், நாள் முழுக்க கம்பியூட்டர் வேலை, இந்த எரிச்சல் எனக்கும் பழக்கம்.

ஆய்வுகூடத்தில கருவிழிட மேல்தோல் செல்களுக்கு பலமான நீல வெளிச்சம் அடிச்சா அதுகள் பழுதாகுது, உண்மை. ஆனா போன்ல வாற நீல வெளிச்சம் உப்புவெளி கடற்கரையில பகல்ல நிண்டா கண்ணில படுறதோட பாத்தா ஒண்டுமேயில்ல. வில்லன் கண் சிமிட்டாததுதான். சும்மா இருக்கேக்க நிமிசத்துக்கு 15 தடவ அளவில சிமிட்டுற நாங்க, திரையைப் பாக்கேக்க அதில பாதி கூட சிமிட்டுறதில்ல, அதுவும் அரைகுறையா, இமை முழுசா மூடாமலே திறக்குது, அப்ப இமை ஓரத்துச் சுரப்பியில இருந்து வாற எண்ணெய் கண்ணீருக்கு மேல சரியா பரவாது, கண்ணீர் டக்கெண்டு ஆவியாகிப் போகும், பிறகென்ன, மண் விழுந்த மாதிரி உறுத்தும். எங்கட ஊர்ல கச்சான் எண்ட வறண்ட காத்து அடிக்கிற மாசங்கள்ல இன்னும் மோசம், அதுக்குள்ள ஃபேனையும் முகத்துக்கு நேர வச்சிருப்பம்!

கண்ணாடிக்கு காசு போடாதீங்கோ. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பாக்கிற கொக்ரேன் எண்ட அமைப்பு 17 ஆய்வுகளைச் சேத்துப் பாத்த 2023 மீளாய்வில, சாதாரண கண்ணாடியை விட அது கண் களைப்பைக் குறைக்கிற மாதிரி தெரியேல்ல. 20 நிமிசத்துக்கு ஒருக்கா தூரத்தில பாருங்கோ, இமையை முழுசா மூடித் திறவுங்கோ, திரையை கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழ வையுங்கோ. பாமசியில ‘கண் சிவப்பு போறதுக்கு’ எண்டு தாற துளி மருந்தை சும்மா சும்மா கண்ணுக்குள்ள ஊத்தாதீங்கோ, நோவோ பார்வை மங்கலோ இருந்தா கண் டொக்டரிட்ட காட்டுங்கோ.