கூழைக்கடா திரும்பி வந்தது

அன்புள்ள சார்,

‘ஸ்டார்ம் பாய்’ (1976) படத்தைச் சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் திரை கட்டிக் காட்டினார்கள். ஆஸ்திரேலியக் கடற்கரையில் ஒரு பையனும் அவன் காப்பாற்றிய கூழைக்கடாவும். போன வாரம் மகளோடு மறுபடி பார்த்தேன். பழைய பரவசம் வரவில்லை. மகள் பாதியிலேயே போனை எடுத்துவிட்டாள். பார்க்காமலே இருந்திருக்கலாமோ?

வாசகர், வேளச்சேரி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று இரவே நானும் பார்த்துவிட்டேன். வேட்டைக்காரர்கள் சுடும் இடத்தில் மட்டும் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

சின்ன வயதில் பார்த்தபோது, பையன் பறவை வளர்க்கிறான் என்றுதான் எனக்குப் புரிந்தது. எனக்கும் ஒன்று வேண்டும் என்று அடம்பிடித்தேன். சித்தப்பா எங்கிருந்தோ ஒரு பச்சைக்கிளி வாங்கி வந்தார். இறகு வெட்டிய கிளி. நாள் முழுக்கக் கம்பியைக் கடித்துக்கொண்டே இருக்கும். மிளகாய்ப் பழம் கொடுத்தால் விதையைத் தின்றுவிட்டுத் தோலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போடும். ஒரு மாதம்கூட உயிரோடு இருக்கவில்லை. இன்று நம்மூர்ப் பச்சைக்கிளி வளர்ப்பது சட்டப்படி குற்றம்; அன்று எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கூண்டு தொங்கும்.

நான் சுத்தமாக மறந்திருந்த இடம் ஒன்று படத்தில் இருக்கிறது. பையன் எடுத்து வளர்த்த மூன்று கூழைக்கடாக் குஞ்சுகளும் பெரிதானதும், கொண்டுபோய் விட்டுவிடு என்கிறார் அப்பா. மீன் பிடித்துப் பிழைக்கிற குடிசையில் மூன்று கூழைக்கடாவுக்கு இரை போட்டுக் கட்டுப்படியாகுமா? பையன் விட்டுவிட்டு வருகிறான். அதில் ஒன்று தானாகத் திரும்பி வருகிறது. கூண்டும் இல்லை, கயிறும் இல்லை. கதையே அதுதான், கிளி கேட்டு அழுத பையன் கண்ணில் அது படவே இல்லை. அப்புறம் டேவிட் கல்பிலில். பையனின் பழங்குடி நண்பராக வருகிறாரே, அவர் மணலில் நடக்கிற நடைக்காகவே இன்னொரு முறை பார்ப்பேன்.

மகள் போனை எடுத்தால் எடுக்கட்டும். வேளச்சேரியில்தானே இருக்கிறீர்கள், ஒரு ஞாயிறு காலை பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துப் பக்கம் கூட்டிப்போங்கள். படத்தில் வருவது கறுப்பு வெள்ளை. நம்மூர்க் கூழைக்கடா சாம்பல் நிறம், மேல் அலகில் வரிசையாகப் புள்ளி வைத்திருக்கும். தண்ணீரோடு மீனை அள்ளியதும் தொண்டைப் பை புடைக்கும். அலகை நெஞ்சோடு சாய்த்துத் தண்ணீரை வடித்துவிட்டு, அப்புறம்தான் அண்ணாந்து விழுங்கும். ரோட்டிலிருந்து கொஞ்சம் தூரம்தான். பைனாகுலர் இருந்தால் எடுத்துப்போங்கள்.