புகைப்பழக்கமே இல்லாத எனக்கு எம்பிசீமா என்கிறார்கள். இதை எப்படித் தாங்கிக்கொள்வது?

உங்களுக்கு வயது 44, சிகரெட்டைத் தொட்டதில்லை, காலையில் ஓடுகிறவர், வேறொரு காரணத்துக்காக எடுத்த சீ.டி. ஸ்கேனில் எம்பிசீமா என்ற நுரையீரல் நோய் இருப்பதாக வந்திருக்கிறது, நம்பவே முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அப்படித்தான் வந்தது. இலங்கையின் அம்பாறை மாவட்டக் கரையோர ஊர் ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். ஐம்பதை நெருங்கும் வயதில், விடாத இருமலுக்காக எடுத்த எக்ஸ்ரேயில் சந்தேகம் வந்து, ஸ்கேனில் உறுதியானது. ஆடி மாதத்தில் உகந்தமலையிலிருந்து குமண, யால காடுகள் வழியாகக் கதிர்காமம் வரை பாதயாத்திரையாக நடந்து போனவள் நான். அறிக்கையில் இருப்பது வேறு யாருடையதோ பெயர் என்றுதான் முதலில் நினைத்தேன்.

உங்கள் கேள்வியில் ஒரு வரி என்னைப் பிடித்து நிறுத்தியது: "ஒழுங்காக வாழ்ந்து என்ன பயன்?" அதற்குத்தான் முதலில் பதில் சொல்ல விரும்புகிறேன். பயன் இருக்கிறது. இப்போதுதான் அது மிக அதிகமாக இருக்கிறது.

நமது நுரையீரலில் முப்பது கோடிக்கும் மேற்பட்ட சிற்றறைகள் இருக்கின்றன. எம்பிசீமாவில் அவற்றின் இடைச்சுவர்கள் அழிந்து, பல சிற்றறைகள் சேர்ந்து பெரிய வெறும் பைகளாகிவிடுகின்றன. இரத்தத்துக்கு ஒட்சிசன் மாறும் பரப்புக் குறைகிறது. நுரையீரலின் இழுவிசையும் தளர்வதால் உள்ளே போன காற்று முழுமையாக வெளியே வருவதில்லை. அழிந்த சுவர்கள் திரும்ப வளர்வதில்லை. இதை உங்களிடம் மறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உடல் நுரையீரலை மட்டும் நம்பி நடப்பதில்லை. பழக்கப்பட்ட கால் தசைகள் அதே தூரத்தைக் குறைந்த மூச்சில் கடக்கின்றன. பயிற்சி இல்லாத ஒருவருக்குப் படி ஏறும்போது தேவைப்படும் அளவு காற்று உங்களுக்குத் தேவைப்படாது. நீங்கள் இத்தனை ஆண்டுகள் ஓடிச் சேர்த்தது இதுதான். அதைச் செலவழிக்க வேண்டிய காலம் வந்திருக்கிறது, அதைத் தொடர்ந்து சேர்க்கவும் முடியும்.

அடுத்து, "எனக்கு எப்படி வந்தது?" இந்தக் கேள்வியோடு நான் பல மாதங்கள் வாழ்ந்தேன். கிளினிக்கில் என்னைச் சுற்றி இருந்தவர்களில் பெரும்பாலானோர் பீடியும் சுருட்டும் குடித்த முதிய ஆண்கள். அவர்களைப் பார்க்கும்போது எனக்குள் ஒரு கோபம் கிளம்பும். வைத்திய நிபுணர் என்னிடம் கேட்ட கேள்வி அந்தக் கோபத்தை வேறு பக்கம் திருப்பியது. "நீங்கள் புகைத்தீர்களா?" என்பதோடு அவர் நிறுத்தவில்லை. "சின்ன வயதில் உங்கள் வீட்டில் எதில் சமைத்தார்கள்?" என்று கேட்டார்.

எங்கள் அம்மா நெல் அவித்துக் காயவைத்து, குற்றுவித்து விற்றுத்தான் எங்களை வளர்த்தார். கொல்லையில் தாழ்ந்த கிடுகுக் கூரையின் கீழ் அடுப்பு. மழைக்காலத்தில் ஈர விறகு, மற்ற நேரம் உமி. உமி சுவாலைவிட்டு எரியாது. மணிக்கணக்காகப் புகைந்துகொண்டே இருக்கும். அதைத் தள்ளித் தள்ளி எரியவிடுவது என் வேலை. பள்ளிக்கூடப் புத்தகமும் அந்த அடுப்படியில்தான் திறக்கும். கண் எரிந்தால் வெளியே ஓடி முகம் கழுவிவிட்டு மறுபடியும் வந்து உட்காருவேன். போதாக்குறைக்கு ஐந்தாறு வயதில் கடுமையான நிமோனியாக் காய்ச்சல் வந்து பிழைத்த கதையை அம்மா இன்றும் சொல்வார்.

உலக சுகாதார நிறுவனம் சொல்வதைக் கேளுங்கள். எம்பிசீமாவை உள்ளடக்கிய நாட்பட்ட சுவாசத் தடை நோயில், பணக்கார நாடுகளில் 70 சதவீதத்துக்கும் மேல் புகையிலையால் வருகிறது. நம்மைப் போன்ற நாடுகளில் அந்தப் பங்கு 30 முதல் 40 சதவீதம்தான். மீதியில் பெரிய பங்கு அடுப்புப் புகைக்கு. தொழிலிடத் தூசி, சிறுவயது நுரையீரல் தொற்று, முன்பு வந்த கசநோய், ஒழுங்காக வைத்தியம் செய்யாத தொய்வு (ஆஸ்துமா) ஆகியனவும் அதில் சேரும். அரிசி ஆலையில் உமித்தூசியில் நிற்பவர்களையும், அறுவடை முடிந்து வயல் வட்டைகளில் வைக்கோலுக்குத் தீ வைக்கும் நாட்களில் ஊரெல்லாம் மூடும் புகையையும் நினைத்துப் பாருங்கள். 2022இல் எரிவாயு கிடைக்காமல் போனபோது, விறகடுப்பை விட்டு எவ்வளவோ காலமாகிவிட்ட வீடுகளும் அதற்கே திரும்பின. நம் பெண்கள் ஆயுள் முழுக்க விழுங்கும் புகையை யாரும் புகை என்று கணக்கெடுப்பதே இல்லை என்பது என் மனக்குறை. சிகரெட் பிடிக்காத பெண்ணுக்கு இந்த நோய் வந்தால் அதிசயம்போலப் பார்க்கிறார்கள்.

உங்கள் வயதைப் பார்க்கும்போது இன்னொன்றையும் கட்டாயம் கேட்கச் சொல்வேன். ஆல்ஃபா-1 அன்டிட்ரிப்சின் என்று ஒரு புரதம் இருக்கிறது. கல்லீரல் அதைச் செய்து இரத்தத்தில் விடுகிறது. கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் வெளியிடும் நொதி நுரையீரலின் சுவரையே அரித்துவிடாமல் காப்பது அதன் வேலை. பிறப்பிலேயே அந்தப் புரதம் குறைந்தவர்கள் இருக்கிறார்கள். 1963இல் சுவீடனின் மால்மோ நகரில் இரண்டு ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்தார்கள். நம் பக்கங்களில் இது அரிது. ஆனாலும் இளவயதில், புகைக்காதவருக்கு எம்பிசீமா வந்தால் ஒருமுறையாவது அந்த இரத்தப் பரிசோதனையைச் செய்து பார்ப்பதுதான் முறை. பொதுவாகப் புகைத்தவர்களுக்கு நுரையீரலின் மேற்பகுதியிலும், இந்தப் புரதக் குறைபாடு உள்ளவர்களுக்குக் கீழ்ப்பகுதியிலும் பாதிப்பு அதிகமாகத் தெரியும். ஆகவே ஸ்கேன் அறிக்கையில் எந்தப் பகுதி என்று எழுதியிருக்கிறது என்பதையும் கேளுங்கள். குறைபாடு இருப்பதாக வந்தால் உடன்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் பரிசோதிக்க வேண்டியிருக்கும். எனக்கு அளவு சரியாக இருந்தது. அந்த முடிவு கையில் கிடைத்த அன்றுதான், என் மகளை நினைத்து மனதில் இருந்த பாரம் இறங்கியது.

ஸ்கேனை மட்டும் வைத்து உங்கள் எதிர்காலத்தை எழுதிவிடாதீர்கள். ஸ்கேன் நுரையீரலின் உருவத்தைக் காட்டுகிறது. அது எப்படி வேலை செய்கிறது என்று அறிய ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் சோதனை வேண்டும். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகு, முழு மூச்சையும் பலமாக ஊதும்போது முதல் ஒரு செக்கனில் வெளியேறும் பங்கு 0.70க்குக் குறைவாக இருந்தால் சுவாசத் தடை இருக்கிறது என்று கொள்கிறார்கள். ஸ்கேனில் எம்பிசீமா தெரிந்தும் இந்தச் சோதனையில் சரியாக ஊதுகிறவர்கள் உண்டு. இணையத்தில் தேடினால் வரும் பயங்கரமான ஆயுட்கணக்குகள் பெரும்பாலும் பல பத்தாண்டுகள் புகைத்து நோய் முற்றிய முதியவர்களைப் பற்றியவை. இரவு இரண்டு மணிக்கு அவற்றைப் படிக்காதீர்கள்.

இரவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நோய் தெரிவதற்கு முந்திய வாரம் நான் நன்றாகத்தான் தூங்கினேன். தெரிந்த பிறகு தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து, மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். இரத்தத்தில் உள்ள ஒட்சிசன் அளவைக் காட்டும் ஒக்சிமீற்றரை விரலில் மாட்டுவேன், 97 சதவீதம் காட்டும், கழற்றுவேன், மறுபடியும் மாட்டுவேன். ஒரு வாரத்தில் நுரையீரலுக்குள் எதுவும் மாறியிருக்க முடியாது. மாறியது பயம். இந்த நோயில் பயத்துக்கு ஒரு தனி வலிமை இருக்கிறது. பயந்தால் மூச்சு வேகமாகும். வேகமாக மூச்சு விட்டால் வெளியே போக நேரம் தேவைப்படும் காற்று உள்ளேயே தங்கும். அதன்மேல் அடுத்த மூச்சு வந்து ஏறும். நெஞ்சு ஏற்கெனவே நிரம்பியிருப்பதால் புதிய காற்றுக்கு இடமில்லை. மூச்சு முட்டுகிறது என்று இன்னும் பயம் கூடும். இதை விளங்கிக்கொண்ட பிறகு, உள்ளே இழுப்பதற்காகப் போராடுவதை நிறுத்தினேன். வெளியே விடுவதுதான் வேலை. மூக்கால் மெதுவாக இழுத்து, உதட்டைக் குவித்து, இழுத்த நேரத்தைப் போல் இரண்டு மடங்கு நேரம் ஊதிவிட வேண்டும். அப்படி ஊதும்போது சிறு மூச்சுக்குழாய்கள் சுருங்கி அடைபடாமல் திறந்திருக்கும். தோளைத் தளர்த்தி, முன்பக்கம் சற்றுச் சாய்ந்து, கைகளைத் தொடையில் ஊன்றி உட்கார்ந்தால் இன்னும் இலகு. மூச்சு நன்றாக இருக்கும் நேரத்திலேயே இதைப் பழகுங்கள். முட்டும் நேரத்தில் புதிதாகக் கற்க முடியாது. ஒக்சிமீற்றரை என் கணவர் எடுத்து அலமாரியில் வைத்தார். வருத்தம் கூடும் நாட்களில் மட்டும் வெளியே வரும்.

ஓட்டத்தை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வைத்தியரிடம் காட்டி, ஸ்கேனில் பெரிய காற்றுப் பைகள் ஏதும் இருக்கின்றனவா என்று கேட்டு, அவர் சொல்லும் வேகத்தில் தொடருங்கள். ஆனால் உட்கார்ந்துவிடாதீர்கள். மூச்சு வாங்குகிறது என்று நடையைக் குறைத்தால் தசை மெலியும். மெலிந்த தசைக்கு அதே வேலைக்கு இன்னும் அதிக மூச்சு வேண்டும். இந்த இறக்கத்தில் நோயைவிட வேகமாக ஆளைக் கொண்டுபோவது அசையாமல் இருப்பதுதான் என்பது என் உறுதியான எண்ணம். இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) எனக்குப் பழக்கியது, பேசிக்கொண்டே நடக்கக்கூடிய வேகம். நான் கடற்கரை ஓரமாக விடிகாலையில் நடக்கிறேன். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெயிலும் தூசும் இருமலைக் கிளப்புவதால் ஏழு மணிக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிடுவேன். காட்டு வழியாகக் கதிர்காமம் போவதை வைத்தியர் வேண்டாம் என்றார். நடுவழியில் ஏதும் ஆனால் உதவி கிடைக்காது என்பதுதான் காரணம். உகந்தமலை வரை போய், அங்கு நின்று போகிறவர்களை வழியனுப்பிவிட்டு வருகிறேன். அந்த நேரத்தில் அழுகை வரும். அழுதுவிட்டுத்தான் திரும்புகிறேன், அதை அடக்கப் பார்ப்பதில்லை.

ஊர்வாயைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் வரும். மார்பு நோய் கிளினிக்குக்குப் போகிறாள் என்றால் நம் ஊரில் கசம் என்றுதான் நினைப்பார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த தூரத்து மாமி ஒருவர், "பிள்ளை, மகளுக்குச் சம்பந்தம் பேசும் வயது, இந்தக் கிளினிக் கொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு திரியாதே" என்றார். நான் அவரை உட்காரவைத்து, இது தொற்றுகிற வருத்தம் இல்லை, ஒரே கோப்பையில் தேநீர் குடித்தாலும் வராது என்று பொறுமையாகச் சொன்னேன். மறைத்தால் கதை பெரிதாகும். பாடசாலையிலும் அதிபரிடம் சொல்லிவிட்டேன். மேல்மாடி வகுப்புகளைத் தொடர்ச்சியாகப் போடாமல் நேரசூசியை மாற்றித் தந்தார்.

இன்ஹேலர் தந்தால் "பம்ப் பழகிவிட்டால் விட முடியாது" என்பார்கள். காதில் போடாதீர்கள். அது போதைப் பொருள் இல்லை. எப்படி இழுப்பது என்பதைத் தாதியின் முன் செய்துகாட்டித் திருத்திக்கொள்ளுங்கள், ஸ்டீரொயிட் கலந்ததாக இருந்தால் வாயைக் கொப்பளியுங்கள். இன்புளுவன்சா, நிமோனியாத் தடுப்பூசிகளைப் பற்றியும் கேளுங்கள். பரிகாரியாரின் கசாயம் சளிக்கு இதமாக இருக்கலாம். அழிந்த சிற்றறையை வளர்க்கும் என்று யாராவது காசு வாங்கினால் நம்பாதீர்கள்.

சளியின் நிறம் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறி, மூச்சு முட்டுவதும் கூடினால் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்க வேண்டாம், உடனே வைத்தியரிடம் போங்கள். திடீரென ஒரு பக்க நெஞ்சில் குத்தி மூச்சு அடைத்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, ஆள் மயக்கமாகிப் பேச்சுத் தடுமாறினாலோ 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழைக்க வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் இது தெரிந்திருக்கட்டும்.

புகையை விட்டு விலகுவது உங்களுக்கு இனிமேல் மருந்துக்குச் சமம். எங்கள் வீட்டில் நுளம்புத்திரி போய் நுளம்பு வலை வந்தது. குப்பைக்குத் தீ வைக்கும் அயலவரிடம் காரணத்தைச் சொல்லிக் கேட்டோம், இப்போது அவர் புதைக்கிறார். கண்ணகை அம்மன் சடங்கில் கர்ப்பூரமும் சாம்பிராணியும் எரியும்போது நான் காற்று வரும் பக்கமாக வெளி வீதியில் நிற்கிறேன். சாமிக்கு அது தெரியும்.

உங்கள் வீட்டில் யார் சமைக்கிறார், எதில் சமைக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. விறகடுப்பு என்றால் அதன் முன்னால் நிற்பவர் உங்களைவிட அதிகம் புகை குடித்திருப்பார். எங்கள் அம்மாவுக்கு "வயதுபோனால் இளைக்கத்தானே செய்யும்" என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த இளைப்பு, ஊதும் சோதனை செய்த பிறகுதான் நோய் என்று தெரிந்தது. இப்போது அவருக்கும் மருந்து நடக்கிறது, கிணற்றடிவரை நிற்காமல் போய்வருகிறார். அடுத்த முறை நீங்கள் கிளினிக்குப் போகும்போது உங்கள் அம்மாவையும் அழைத்துப்போய் அந்தச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள்.