கடலோர வில்லாவில் சமையல் விடுமுறை: அம்மாவுக்குச் சரிப்படுமா?

கேள்வி: மொராக்கோவின் எஸ்ஸவீராவில், கடலோர வில்லாவில் ஒரு வாரம் தங்கிச் சமையல் கற்கும் சுற்றுலாவுக்கு அம்மாவோடு போக ஆசை. அம்மா சுத்த சைவம். போகலாமா?
- வாசகி, கோத்தகிரி

பதில்: தாராளமாகப் போங்கள், ஆனால் பணம் கட்டும் முன்பே சைவம் என்று எழுதிக் கேட்டுவிடுங்கள், ஏனென்றால் அங்கே காய்கறி கூஸ்கூஸ் (கோதுமை ரவையில் செய்யும் உணவு) என்று தட்டில் வருவதும் பல வீடுகளில் இறைச்சிச் சாற்றில் வெந்ததாகவே இருக்கும். மற்றபடி அம்மாவுக்குக் குறையே இல்லை. கத்தரிக்காயும் தக்காளியும் மசித்த ஸாலூக், காய்ந்த மொச்சை வகைப் பருப்பில் செய்யும் பிஸ்ஸாரா சூப், சீரகமும் பூண்டும் போட்ட கேரட் சாலட், எல்லாமே நம் மலைக் காய்கறிச் சந்தையை வைத்தே ஊர் திரும்பியும் செய்யக்கூடியவை.

தஜீன் சட்டியை மட்டும் பக்கத்தில் நின்று பாருங்கள். அடியில் வெங்காயம், மேலே காய்களைக் கோபுரமாக அடுக்கி, துளி தண்ணீர் விட்டு, கரி அடுப்பில் நிதானமாக வேகவிடுவார்கள். கூம்பு மூடியில் ஏறும் ஆவி குளிர்ந்து மறுபடி காயிலேயே இறங்கும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் மண்சட்டி விரிசல் விட்டுவிடும்.

அப்புறம், அது அட்லாண்டிக் கரை, கோடையில்கூடக் காற்று பலமாக அடிக்கும். கோத்தகிரி ஸ்வெட்டரையே எடுத்துப் போங்கள். ரமலான் மாதத்தைத் தவிர்த்தால் பகலில் வெளியே சாப்பிடுவது சுலபம். விசா கட்டாயம் வேண்டும், அதை முதலில் பாருங்கள்.