இத்தாக்கா மேட்டில் முதல் குளிர்காலம்: ஒரு தங்கைக்குப் பதில்

தங்கச்சி, கூடத் தங்கியிருக்கும் பெண்கள் எல்லாரும் சொராரிட்டியில், அதாவது மாணவிகள் சேர்ந்து வாழும் சங்கத்தில், சேரப் பெயர் கொடுக்கிறார்கள், சேராவிட்டால் தனியாகிவிடுவேனோ என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவின் இத்தாக்கா ஊரில் கார்னெல் பல்கலைக்கழகம் இருக்கும் இந்த மேட்டை ஏறி இறங்கியே கால் விட்டுப்போகிறது, தப்பான இடத்துக்கு வந்துவிட்டேனோ என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் இங்கே வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அந்தக் கடைசி வரியைப் படித்ததும் மனசு கனத்துவிட்டது.

மேட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன். 1870-ல் இங்கே சேர்ந்த முதல் மாணவி ஜென்னி ஸ்பென்சர். அரசு உதவித்தொகை பெற்று வந்த கெட்டிக்காரப் பெண். மேலே பெண்கள் தங்க இடமே இல்லை. கீழே ஊருக்குள் அறை எடுத்து, பனியில் தினமும் ஏறி இறங்கினார். முடியவில்லை, படிப்பை விட்டுவிட்டார். பஃபலோ தெருவில் உறைமழை பெய்த காலையில் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு அடிமேல் அடி வைக்கும்போதெல்லாம் அவர் ஞாபகம்தான் எனக்கு வரும். கணுக்கால் வரை நீண்ட பாவாடையோடு ஏறியிருப்பார். அப்புறம்தான் ஹென்றி சேஜ் இரண்டரை லட்சம் டாலர் கொடுத்தார். ஆண்களுக்கு உள்ள படிப்பெல்லாம் பெண்களுக்கும் வேண்டும் என்பது அவர் நிபந்தனை. 1875-ல் பெண்கள் விடுதி திறந்தது. இப்போது பிசினஸ் ஸ்கூல் இருக்கிறதே, அந்தச் செங்கல் கட்டடம்தான்.

பையன்கள் கதை வேறு. 1868-ல் கல்லூரி திறந்தபோது 412 பேர் வந்து சேர்ந்தார்கள். முதல் தலைவர் ஆண்ட்ரூ டிக்சன் ஒயிட்டுக்கு மாணவர் விடுதி என்றாலே ஆகாது, ஒழுங்கு கெடும் இடம் என்று நினைத்தார். அதனால் பெரும்பாலும் படுக்கையும் சாப்பாடும் அவரவர் பாடு. அந்த இடத்தை நிரப்பித்தான் பிரட்டர்னிட்டிகள் என்ற பையன்களின் சங்கங்கள் வீடு வீடாகக் கட்டி வளர்ந்தன. பெண்களும் 1880-களில் தங்கள் சங்கங்களைத் தொடங்கினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஏதோ உயர்குலம் போலத் தெரியும். அடியில் இருப்பது வீடு கிடைக்காத பிள்ளைகளின் ஏற்பாடு. இது தெரிந்த பிறகுதான் எனக்கு அவற்றின் மேலிருந்த பயம் போனது.

ஆனால் கெட்டதையும் சொல்லியாக வேண்டும். 1873-ல் ஒரு சங்கத்தின் சேர்க்கைச் சடங்குக்காக இரவில் அழைத்துப் போன மாணவர் மலைப்பள்ளத்தில் விழுந்து செத்தார். 1894-ல் முதல் வருஷத்தாரின் விருந்தைக் கெடுக்க இரண்டாம் வருஷத்தார் குளோரின் வாயுவைக் கூடத்துக்குள் விட்டார்கள். விருந்துக்குச் சமைக்க வந்த ஒரு பெண்ணின் உயிர் போனது. அதனால் யாராவது ‘இதைச் செய்தால்தான் எங்களில் ஒருத்தி’ என்று சொன்னால், அது எவ்வளவு சின்ன விஷயமானாலும், எழுந்து வந்துவிடுங்கள். மானக்கேடு ஒன்றும் இல்லை. நல்ல சங்க வீடும் உண்டு. வருஷச் சந்தா எவ்வளவு என்று முதலில் எழுத்தில் கேளுங்கள், பதில் வரும் விதத்திலேயே பாதி புரிந்துவிடும்.

ஒதுக்கப்பட்டவர்களும் இங்கே சும்மா இருக்கவில்லை. 1904-ல் வெளிநாட்டு மாணவர்களுக்கென்று காஸ்மோபாலிட்டன் கிளப் உருவானது. 1906-ல் கறுப்பின மாணவர்கள் ஏழு பேர் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா என்ற தங்கள் பிரட்டர்னிட்டியைத் தொடங்கினார்கள். கூடிப் படிக்கவும் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கவும் சேர்ந்தவர்கள், பிறகு நாடு முழுக்கப் பரவினார்கள்.

எனக்கு முதல் வருஷம் அப்படி அமைந்தது ஒரு அடுப்படிதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மிளகு ரசம் வைத்தேன். வாசனை மாடி வரைக்கும் போய், பக்கத்து அறைக் கொரியப் பெண் ஒரு கிண்ணத்தோடு வந்து நின்றாள். அடுத்த வாரம் நாலு பேர், மார்கழிக்குள் ஒன்பது பேர். அவளோடு இன்றைக்கும் வாரம் ஒருமுறை பேசுகிறேன்.

சொராரிட்டியில் சேர இரண்டாம் வருஷத்திலும் வழி இருக்கிறது, இப்போதே முடிவெடுக்க வேண்டியதில்லை. அதற்குள் ஒருநாள் மணிக்கூண்டில் ஏறிப் பாருங்கள். அங்கே கேட்கும் மணியிசை 1868-ல் ஜென்னி மெக்ரா கொடுத்த மணிகளோடு தொடங்கியது, இன்றும் அந்த மணிகளை வாசிப்பவர்களில் பெரும்பாலோர் மாணவர்கள்தான். படி 161, மூச்சு வாங்கும். உங்கள் ஷூ அளவை எழுதுங்கள். அடியில் மாட்டும் இரும்பு முள் பட்டை என்னிடம் ஒரு ஜோடி சும்மா கிடக்கிறது, முதல் பனிக்கு முன்னால் கொண்டுவந்து தருகிறேன்.