அம்மா சேலையைக் கிழிக்கலாமா: ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம் அக்கா,

போன மாசம் ஒரு போட்டோ போட்டிருந்தீங்க, தரையில பாதி தைச்ச குயில்ட், அதான் துண்டுத் துணிய ஒட்டுப் போட்டு தைக்கற போர்வை, அது நடுவுல உங்க ரெண்டு பூனையும் தூங்குது. அதப் பாத்ததுல இருந்து எழுதணும்னே இருந்தேன். எங்கம்மா தவறி ரெண்டு வருசம் ஆச்சு. அவங்க காட்டன் சேலை பதினொண்ணு என் பீரோவுல இருக்கு. கட்டவும் மனசு வரல, யாருக்கும் குடுக்கவும் மனசு வரல. உங்கள மாதிரி குயில்ட்டா தைச்சிடலாம்னு மூணு தடவ கத்திரிக்கோல எடுத்தேன், மூணு தடவையும் கை நடுங்கி வச்சிட்டேன். வீட்டுல என்னடான்னா கடைக்குப் போனா ஐநூறு ரூவாக்கு போர்வை கிடைக்குது, அதுக்கு எதுக்கு நல்ல சேலைய வெட்டணும்ங்கறாங்க. போதாததுக்கு எங்கிட்டயும் ஒரு பூனை இருக்கு, துணிய விரிச்ச அடுத்த நிமிசம் ஏறி உக்காந்துக்கும். பூனைய வச்சுக்கிட்டு எப்படிக்கா தைக்கறீங்க? அம்மா சேலைய வெட்டுறது தப்பா?

(பேர் போட வேண்டாம்), ஓசூர்

*

கண்ணு,

உங்க கடிதம் வியாழக்கிழமையே வந்துடுச்சு. உடனே எழுதல. ஞாயித்துக்கிழமை எனக்கே ஒரு குயில்ட்ட தரையில விரிச்சு ஊக்கு குத்தற வேலை இருந்துச்சு, அதைச் செஞ்சுக்கிட்டே உங்களுக்கு என்ன சொல்றதுனு யோசிக்கலாம்னு விட்டுட்டேன்.

தப்பே இல்ல. இத மொதல்லயே சொல்லிடறேன், மத்ததெல்லாம் அப்புறம்.

எங்கம்மா சேலைங்கள நான் நாலு வருசம் தொடாம வச்சிருந்தேன். நல்லா துவைச்சு, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, அம்மா மடிக்கற மாதிரியே மடிச்சு பீரோ மேல்தட்டுல அடுக்கி வச்சு, பத்திரமா இருக்குனு நிம்மதியா இருந்தேன். ஒரு நாள் எடுத்து உதறுனா அம்மாவுக்கு ரொம்பப் பிடிச்ச அந்த மெரூன் சுங்குடி மடிப்பு வாக்குலயே நீளமா விட்டுப்போயிருந்துச்சு, இன்னொண்ணுல பொடிப்பொடியா ஓட்டை, வெள்ளியாட்டம் மினுமினுன்னு வழுக்கிட்டு ஓடுமே ஒரு பூச்சி, அது கஞ்சிக்குத்தான் வரும், கஞ்சியோட சேத்து துணியையும் தின்னுடும். ஒரே மடிப்புல வருசக்கணக்கா கிடந்தா காட்டன் அந்த மடிப்புல ஒடைஞ்சிடும். அன்னைக்கு அந்த சேலைய மடியில வச்சுக்கிட்டு நான் அழுத அழுகை அம்மா போன அன்னைக்குக் கூட அழல. பீரோவுல வச்சா பத்திரம்னு நாம நினைக்கறோம் கண்ணு, ஆனா அங்கயும் சேலை கொஞ்சம் கொஞ்சமா போய்க்கிட்டேதான் இருக்கு, நம்ம கண்ணுக்குத் தெரியாம. நீங்க தைக்கறீங்களோ இல்லையோ, அது அப்புறம், இந்த வாரமே எல்லாத்தையும் எடுத்து கஞ்சி போக அலசி, நிழல்ல உலத்தி, மடிப்ப மாத்தி வைங்க.

அடுத்தது கத்திரிக்கோல். அது வேண்டாம். கிழிங்க. ஓரத்துல சின்னதா ஒரு வெட்டு மட்டும் குடுத்து ரெண்டு கையாலயும் இழுத்தா நல்ல காட்டன் இழை வாக்குலயே நேரா கிழிஞ்சு வரும், கத்திரிக்கோல் கோணினாலும் இழை கோணாது.

அதுவும் முழுச் சேலையும் வேணும்னு யாரு சொன்னா? கணக்கு போட்டுப் பாக்கலாம் வாங்க. மடியில போத்திக்கற அளவுக்கு, 45 இன்ச் அகலம் 60 இன்ச் நீளம் ஒரு குயில்ட்னு வைங்க. அஞ்சரை இன்ச் சதுரமா வெட்டுனா தைச்ச பிறகு கால் இன்ச் கால் இன்ச் ரெண்டு பக்கமும் தையலுக்குப் போய் அஞ்சு இன்ச் நிக்கும். அப்போ அகலத்துல 9, நீளத்துல 12, மொத்தம் 108 சதுரம். ஆறு சேலையில இருந்து எடுத்தா சேலைக்கு 18தான். 45 இன்ச் அகல சேலையில குறுக்க எட்டு சதுரம் வரும், அப்படி மூணு வரிசை எடுத்தா 24 ஆச்சு, அதுக்கு நீளத்துல பதினாறரை இன்ச் போதும். ஒரு முழத்த விட ஒன்றரை இன்ச் கம்மி. அத முந்தானைப் பக்கம் தொடாதீங்க, உள்ள இடுப்புல சொருகற முனை இருக்குல்ல, அந்தப் பக்கம் கிழிங்க. அஞ்சரை மீட்டர் சேலையில இன்னும் அஞ்சு மீட்டருக்கு மேல மிச்சம் நிக்கும், முந்தானையும் பார்டரும் அப்படியே இருக்கும். என்னைக்காவது கட்டத் தோணுச்சுன்னா கட்டிக்கலாம், சொருகற இடத்துல ஒரு முழம் கொறஞ்சது வெளிய தெரியாது. பிளவுஸ் பிட்டோட வந்து அதை வெட்டாமயே விட்டிருந்தாங்கன்னா இன்னும் லேசு, சேலைய தொடவே வேண்டாம்.

குயில்ட்டுக்கு மூணு லேயர், மேல இந்தச் சதுரம் தைச்ச துணி, அடியில ஒரு துணி, நடுவுல மெத்துனு ஒண்ணு. அந்த நடு லேயருக்கு பேட்டிங்னு பஞ்சு விரிப்ப வெளிநாட்டு வீடியோல காட்டுவாங்க, நான் வாங்கறதில்ல. எங்க பக்கம் சென்னிமலை போர்வை இருக்கு, பழசாகி துவைச்சுத் துவைச்சு மெத்துனு ஆனது, அதான் நடுவுல. நம்ம ஊர் வெயிலுக்கு அதுவே ஜாஸ்தி. அடித்துணிக்கு மேல்துணிய விட நாலு இன்ச்சாவது பெருசா வேணும், எங்கப்பாவோட நாலு முழ வேட்டி சரியா வந்துச்சு.

இப்போ பூனை விசயம்.

என்கிட்ட ரெண்டு பேரு. வெள்ளை, கருப்பு, ஆரஞ்சுனு மூணு கலர்ல இருக்கறவ சுங்குடி. உடம்பெல்லாம் கோடு கோடா இருக்கறவன் ஜமுக்காளம், கூப்பிடறது ஜமுக்கு. பவானி ஜமுக்காளம் மாதிரி பட்டை பட்டையா இருந்தான், அதான் அந்தப் பேரு. துணிப் பேர பூனைக்கு வைக்கறது என்னோட கண்டுபிடிப்புனு நினைச்சிருந்தேன், அப்புறம்தான் தெரிஞ்சுது இங்கிலீஷ்காரங்களும் அதையேதான் செஞ்சிருக்காங்கனு. மூணு கலர் பூனைய காலிகோனு சொல்றாங்கல்ல, அது நம்ம பக்கத்து கோழிக்கோடு, காலிகட், அங்க இருந்து கப்பல் ஏறுன பருத்தித் துணியோட பேரு. கோடு போட்ட பூனைய டேபினு சொல்றது பாக்தாத்ல அத்தாபிய்யானு ஒரு பேட்டையில நெய்த பட்டுத்துணியில இருந்து வந்தது. இதப் படிச்ச அன்னைக்கு எனக்கு அவ்வளவு சந்தோசம். சுங்குடி முதுகுல கருப்பும் ஆரஞ்சும் திட்டுத் திட்டா இருக்கறதப் பாத்தா ஒட்டுப் போட்ட துணியேதான்.

ஞாயித்துக்கிழமை காலையில ஆறரைக்கெல்லாம் ஹால் தரைய துடைச்சு காய விட்டு வேட்டிய விரிச்சு நாலு மூலையும் செல்லோ டேப் ஒட்டினேன். விரிச்ச சத்தத்துக்கே ஜமுக்கு வந்துட்டான். நடு மத்தியில உக்காந்தான். தூக்கி விட்டேன், வந்தான். மறுபடி தூக்கி விட்டேன், மறுபடி வந்தான். இதுல சண்டை போட்டு ஜெயிக்க முடியாது கண்ணு, நான் அஞ்சு வருசமா பாக்கறேன். துணியில நம்ம வாசனை இருக்கு, தரைய விட கதகதப்பா இருக்கு, நாமளும் பக்கத்துலயே குனிஞ்சு உக்காந்திருக்கோம், பூனைக்கு வேற என்ன வேணும்? அதனால நான் செய்யறது ஒண்ணே ஒண்ணு, மிஞ்சுன போர்வைத் துண்ட நாலா மடிச்சு, நான் வேலை பாக்கற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி, வெயில் விழற இடத்துல போட்டுடுவேன், அதுமேல என்னோட பழைய நைட்டி ஒண்ணு. பத்து நிமிசத்துல ரெண்டும் அங்க போயிடும். எங்கயோ தூரமா ரூம்ல போட்டா போகாது, நம்ம கை அசையறது தெரியணும் அதுங்களுக்கு.

ஊக்கு சதுரத்துக்கு ஒண்ணு, மொத்தம் 108. ஒவ்வொண்ணா குத்தி உடனே மூடிடணும், தொறந்த ஊக்கு ஒண்ணு கூட தரையில கிடக்கக் கூடாது.

இங்க ஒரு விசயம் ரொம்ப முக்கியம், இத மட்டும் ரெண்டு தடவ படிங்க. பூனைக்கும் நூலுக்கும் ஆகவே ஆகாது. பூனை நாக்குல முள்ளு முள்ளா இருக்கும், அது உள்பக்கமா சாஞ்சிருக்கும், நூல் ஒரு தடவ வாய்க்குள்ள போச்சுன்னா துப்ப வராது, முழுங்கத்தான் வரும். ரெண்டு வருசம் முன்னாடி ஒரு சாயந்திரம் ஜமுக்கு வாயோரத்துல சிவப்பு நூல் ஒரு விரல் நீளம் தொங்குச்சு. புடிச்சு இழுத்துடலாம்னு கை போயிடுச்சு. நல்லவேளையா போன்ல டாக்டர்கிட்ட கேட்டேன், இழுக்காதீங்கம்மா அப்படியே தூக்கிட்டு வாங்கன்னாரு. நூலோட ஒரு முனை நாக்கு அடியிலயோ இரைப்பையிலயோ மாட்டியிருந்தா மிச்ச நூல் குடல் வழியா இறங்கி, குடல் பாவாடை நாடாவுல சுருங்கற மாதிரி சுருங்கிக்குமாம், இழுத்தா குடல அறுத்துடும். அவன் தப்பிச்சது என் அதிர்ஷ்டம், நாக்கு அடியில சுத்தியிருந்தத மயக்கம் குடுத்து எடுத்துட்டாங்க. அதுல இருந்து ஊசிய எண்ணி எடுப்பேன், எண்ணி வைப்பேன். நாலு எடுத்தா நாலு திரும்ப டப்பாக்குள்ள போற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன். வெட்டுன நூல் முனை எல்லாம் மூடி போட்ட டப்பாவுல. நூல் கோத்த ஊசிய குயில்ட்டுல குத்தி வச்சுட்டு காபி குடிக்கப் போகவே மாட்டேன்.

மதியம் சாப்பிட்டுட்டு வந்து கையாலயே தைக்க ஆரம்பிச்சேன், சாதா ரன்னிங் ஸ்டிச்தான். மெஷின் இருந்தாலும் இந்த மூணு லேயரையும் சேத்து தைக்கறது எனக்கு கையிலதான் பிடிக்கும். நாலு மணிக்கு மழை பிடிச்சுது, கரண்ட் போச்சு, ஜன்னல் பக்கம் நகந்து உக்காந்தேன். மடியில விழற குயில்ட் பாரத்துக்கு மேல சுங்குடி ஏறி, அம்மாவோட பச்சைச் சேலைத் துண்டு எங்க இருக்கோ அங்கயே நின்னுக்கிட்டு முன்னங்கால் ரெண்டையும் மாத்தி மாத்தி அமுக்கினா, மாவு பிசையற மாதிரி, கண்ண மூடிக்கிட்டு, கர்ர்ருனு சத்தத்தோட. குட்டியா இருக்கும்போது பால் வரணும்னு அம்மா வயித்த அமுக்கற பழக்கமாம் அது, வளந்த பிறகும் மெத்துனு எதுவாவது கிடைச்சா வந்துடுமாம். நகம் மாட்டி ரெண்டு இழை வெளிய வந்துடுச்சு. நான் தள்ளி விடல. அம்மா அந்த சேலைய கட்டிக்கிட்டுதான் வெளித் திண்ணையில தெருப்பூனைங்களுக்கு கருவாட்டுத் தலை போடுவாங்க.

அந்த ஐநூறு ரூவா போர்வை விசயம். வீட்டுல கேக்கறவங்க மேல கோவப்படாதீங்க, குளிருக்குப் போத்திக்க அது போதும், உண்மைதான். ஆனா நீங்க தைக்கப் போறது குளிருக்கு இல்லையே. அமெரிக்காவுல அலபாமா மாநிலத்துல ஜீஸ் பெண்ட்னு ஒரு ஊரு, ஆத்து வளைவுக்குள்ள மாட்டுன மாதிரி இருக்கும். அங்க அடிமையா இருந்த கறுப்பின மக்களோட வம்சத்துப் பெண்கள் கிழிஞ்ச வேலைத்துணியில தைச்ச குயில்ட்ட 2002ல நியூயார்க் மியூசியத்துல மாட்டி வச்சு ஊரே பாத்துச்சு. அதுல மிசௌரி பெட்வேனு ஒரு அம்மா, புருசன் செத்துப் போனதும் அவர் வயக்காட்டுல போட்டிருந்த துணிங்கள எடுத்து 1942ல ஒரு குயில்ட் தைச்சாங்க. அவர நினைச்சுக்கவும், அன்புக்காக அதுக்கடியில படுத்துக்கவும்னு சொன்னாங்களாம், கூட இருந்து உதவுன மகள் பின்னாடி சொன்னது இது. முட்டி தேஞ்ச இடம், பாக்கெட் பிரிச்ச இடம் வெளுக்காம நிக்கறது எல்லாம் அதுல அப்படியே இருக்கும். மண்ணுல வேலை செஞ்ச துணிய அந்தம்மா பொட்டியில பூட்டி வைக்கல, மேல போத்திக்கிட்டாங்க.

மெஷின் இல்ல, அளவு வராதுனு தோணுச்சுன்னா நம்ம பக்கத்துலயே கர்நாடகாவுல உத்தர கன்னடத்துக் காட்டுப் பக்கம் சித்தினு ஆப்பிரிக்க வம்சத்து மக்கள் இருக்காங்க, அவங்க தைக்கற கவந்திங்கற ஒட்டுப் போர்வை இருக்கு. பழைய சேலைய அடியில விரிச்சு, கைக்குக் கிடைச்ச துண்ட ஓரம் மடக்கி மடக்கி, ஓரத்துல ஆரம்பிச்சு சுத்திச் சுத்தி நடுவுல வந்து முடிப்பாங்க, ஸ்கேல் இல்ல, சதுரம் இல்ல. நாலு மூலையிலயும் சின்னதா மடிச்சுத் தைச்ச பூ, அது இல்லாம விட மாட்டாங்க. எனக்குப் பழகுன கை சதுரத்துக்கே போகுது, உங்களுக்கு இதுதான் சுலபமா இருக்கும்னு தோணுது.

சாயம் போகுமானு மட்டும் பாத்துக்குங்க, கிழிக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு சேலையையும் ஒரு வெள்ளைத் துணியோட சேத்து ராத்திரி ஊற வச்சா தெரிஞ்சிடும். அம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சதுல ஆரம்பிக்காதீங்க. அவங்க சும்மா வீட்டுல கட்டிக்கிட்டு சமைச்ச சேலை ஒண்ணு இருக்கும், மஞ்சக்கறை கூட இருக்கலாம், அதுல கிழிங்க மொதல்ல. பதினொண்ணோட அகலத்தையும் அளந்து அனுப்புங்க, எதெதுல எத்தனை சதுரம் வரும்னு கணக்கு போட்டுத் தர்றேன்.

அன்புடன்
அக்கா