பொன்னாடையும் மத்தளக்காரரின் கூலியும்

மதிப்புக்குரிய ஐயா,
2023இல் ஹொலிவூட் வேலைநிறுத்தத்தால் எமி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி விருது விழாவே தள்ளிப்போனது. சம்பளப் பிரச்சினைக்கு விழாவை ஏன் குழப்ப வேண்டும்? கலைஞன் கலையை மட்டும் பார்த்தால் போதாதா? கிளிநொச்சியில் குறும்படம் எடுக்கிற எங்களுக்கு ஒரு மேடை கிடைப்பதே அபூர்வம்.
ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

மேடைக்கு ஏங்கும் உம்முடைய மனம் எனக்கு விளங்குகிறது. எமி விழா செப்டெம்பரில் நடக்காமல் 2024 ஜனவரி 15 அன்று நடந்தது. யாருடைய விருதும் பறிபோகவில்லை. அதை விடும்.

'கலையை மட்டும் பார்த்தால் போதாதா' என்று எழுதினீரே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. யார் உமக்கு இதைச் சொல்லித்தந்தது? 2008 ஜனவரியில் கோல்டன் குளோப் என்ற ஹொலிவூட் விருது விழா என்ன ஆனது என்று பாரும். வேலைநிறுத்தம் செய்தவர்கள் எழுத்தாளர்கள். இணையத்தில் ஓடும் தங்கள் படைப்புக்கு உரிய பங்கைக் கேட்டு 2007 நவம்பரிலேயே பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். நடிகர்கள் வேலைநிறுத்தத்தில் இல்லை. ஆனாலும் எழுத்தாளர்களின் மறியலைத் தாண்டி மண்டபத்துக்குள் போகமாட்டோம் என்று நின்றார்கள். விருந்தும் இல்லை, அலங்காரமும் இல்லை. ஒரு செய்தியாளர் கூட்டத்தில் வென்றவர்களின் பெயர்கள் வாசிக்கப்பட்டன, அத்தோடு சரி.

முள்ளியவளைப் பக்கம் ஒரு கோவலன் கூத்தில் இதையே நான் கண்ணால் கண்டிருக்கிறேன். மத்தளக்காரருக்கு முந்தின வருடக் கூலியே வரவில்லை. மனுஷன் மத்தளத்தைச் சாரத்தால் சுற்றிக் கட்டிவிட்டு, மேடைக்குப் பின்னால் பனங்குற்றியில் இருந்தார். விழா நடத்தியவர்கள் பொன்னாடையோடு வந்து, 'முதலில் இதைப் போர்த்துகிறோம், காசைப் பிறகு பார்ப்போம்' என்றார்கள். அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. கண்ணகி வேஷம் போட்டிருந்தவர் வந்து அவருக்குப் பக்கத்தில் மண்ணில் குந்தினார். பிறகு கோவலன். காலில் சலங்கை, முகத்தில் அரிதாரம், வாயில் வெற்றிலை. 'அண்ணை அடிச்சால் நாங்கள் ஆடுவம்' என்றார் கோவலன். அவ்வளவுதான் பேச்சு. காசு எண்ணிக் கையில் வைத்த பிறகே மத்தளம் அவிழ்ந்தது. கூத்து விடியும்வரை நடந்தது.

அவர்கள் கலையைப் பார்க்காதவர்களா, தம்பி? மத்தளம் இல்லாமல் கண்ணகிக்கு ஒரு அடி வைக்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். உம்முடைய படத்தில் ஒலி பிடித்த பொடியனும், லைட்டைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நின்றவனும் யார்? பரிசு வாங்கும்போது அவர்களுக்கு நன்றி சொல்வீர், கை தட்டுவார்கள். அது காணாது.

படத்தை எனக்கு அனுப்பும், கட்டாயம் பார்ப்பேன். அவர்கள் இருவருக்கும் எவ்வளவு கொடுத்தீர் என்பதையும் சேர்த்து எழுதும்.