ஃபேன ஆஃப் பண்ணிட்டு மைக் வாங்குங்க: வாசகர் கேள்வி-பதில்

இந்தத் தடவ வந்த கடிதம் பூரா வீட்டுல உக்காந்து குரல் ரெக்கார்ட் பண்றவங்ககிட்டருந்துதான். கதை சொல்றவங்க, பாட்டு கிளாஸ் எடுக்கறவங்க, ஆன்லைன்ல பாடம் நடத்துறவங்க, எல்லாருக்கும் ஒரே புலம்பல், பின்னாடி சத்தம். நீளமா எழுதினவங்க கோவிச்சுக்காதீங்க, வெட்டித்தான் போட்டிருக்கேன்.

கும்பகோணம், கதை சொல்லும் வாசகி: போன்ல பேசினப்ப ஃபேன் சத்தம் லேசாத்தான் கேட்டுச்சு. அதையும் ஒழிக்கலாம்னு 6,500 ரூபாய்க்கு கண்டென்சர் மைக் வாங்கினேன். இப்ப ஃபேன், தெரு நாய், பக்கத்து வீட்டு மிக்ஸி எல்லாமே கேக்குது. மைக் டிஃபெக்டா? திருப்பிக் குடுத்துரலாமா?

மைக் நல்லா இருக்குக்கா, அதான் பிரச்சினையே. கண்டென்சர் மைக்குக்கு காது கூர்மை, உங்க குரலுக்கு மட்டும்தான் கூர்மையா இருக்கணும்னு அதுகிட்ட சொல்ல முடியாது. ஒண்ணு மட்டும் பாருங்க, இந்த வகை மைக் நிறையதுல உச்சியில பேசக்கூடாது, பக்கவாட்டுல பேசணும், கம்பெனி பேர் போட்டிருக்கற பக்கம் வாய்க்கு நேரா இருக்கணும். உச்சியில பேசினா குரல் கம்மியா விழும், நீங்க கெயின, அதாவது மைக் சத்தத்தப் பெருக்கற அளவ, ஏத்துவீங்க, கூடவே ஃபேனும் ஏறும். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் போதும். தூரத்தப் பாதியாக்கினா குரல் சுமார் 6 டெசிபல் கூடும், ஃபேன் இருந்த இடத்துலயேதான் இருக்கும், அதுக்கப்புறம் கெயினக் குறைச்சா பாதி வேலை முடிஞ்சுது. மீதிப் பாதி, ஃபேன ஆஃப் பண்றது. சித்திரை வெயில்ல எப்படின்னு கேப்பீங்க, விடியக்காலம் அஞ்சு மணிக்கு உக்காருங்க. மார்கழில மட்டும் வேணாம், அந்நேரம்தான் கோயில் ஸ்பீக்கர் ஆரம்பிக்கும்.

திருப்பிக் குடுக்கறதப் பொறுத்தவரைக்கும், குறையில்லாத பொருள எடுத்துக்கணும்னு கடைக்குக் கட்டாயம் கிடையாது, அவங்க ரிட்டர்ன் கண்டிஷன்ல என்ன போட்டிருக்கோ அதான். ரீப்ளேஸ்மென்ட் மட்டும்னு போட்டிருந்தா அதே மைக் இன்னொண்ணு வரும், அதுலயும் அதே ஃபேன் கேக்கும்.

மன்னார்குடி, கல்லூரி மாணவர்: இரைச்சல் எடுக்க எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்? பட்ஜெட் 5,000.

ஆடாசிட்டி. இலவசம். 5,000 ரூபாய அம்மாகிட்ட குடுத்துருங்க தம்பி.

திருவாரூர், ஆன்லைன் டியூஷன் எடுக்கறவர்: கம்ப்யூட்டர் கடையில ஆடாசிட்டி போட்டுக் குடுத்து 2,200 வாங்கிட்டாங்க. வருஷா வருஷம் லைசென்ஸ் புதுப்பிக்க 900 கட்டணுமாம், இல்லாட்டி லாக் ஆயிருமாம். பில் கேட்டதுக்கு சாஃப்ட்வேருக்கெல்லாம் பில் கிடையாதுங்கறாங்க. இது சரியா?

இத படிச்சதும் எனக்கு வயிறு எரிஞ்சுது சார். உங்க மேல தப்பே கிடையாது, தெரியாதவங்க கடைக்காரர நம்பித்தான் ஆகணும், அந்த நம்பிக்கைய வச்சுத்தான் இந்த வியாபாரமே நடக்குது. ஆடாசிட்டிங்கறது 1999-ல அமெரிக்காவுல கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துல ரெண்டு பேர் ஆரம்பிச்சது, 2000-லருந்து உலகமே சும்மா எறக்கிப் போட்டுக்கிட்டு இருக்கு. அதோட லைசென்ஸ் ஜிபிஎல், யார் வேணா வச்சுக்கலாம், காப்பி பண்ணலாம், அடுத்தவனுக்குக் குடுக்கலாம். அத போட்டுக் குடுத்ததுக்கு கூலி வாங்கினா தப்புன்னு நான் சொல்லல, ஜிபிஎல்லே அதுக்கு எடம் குடுக்குது, வீட்டுக்கு வந்து போட்டுக் குடுத்து ரெண்டு பாடம் சொல்லிக் குடுத்துட்டு 300 வாங்கினா நானே குடுப்பேன். ஆனா வருஷ லைசென்ஸ்னு சொன்னான் பாருங்க, அது பொய். லாக் ஆகும்ங்கறது அதவிடப் பெரிய பொய். 900 கட்டாதீங்க, ஒண்ணும் ஆகாது, ஆடாசிட்டியோட சொந்த வெப்சைட்லருந்து புதுசா எறக்கிப் போட்டுக்கோங்க. தேடும்போது மேல விளம்பரமா வர்ற லிங்க்க மட்டும் தொடாதீங்க.

இப்ப பணம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பொய் சொல்லி விக்கறதும் முறையற்ற வணிகம், பில் குடுக்க மாட்டேங்கறதும் முறையற்ற வணிகம், உங்க கடைக்காரர் ரெண்டையும் ஒரே நாள்ல பண்ணிட்டார். ஜிபேல குடுத்தீங்களா, அந்த ஸ்க்ரீன்ஷாட்ட எடுத்து வைங்க. 900 கட்டுங்கன்னு வாட்ஸ்அப்புல கேட்டிருந்தா அதையும் அழிக்காதீங்க. மொதல்ல 1915-க்கு போன் போடுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண், பல சமயம் அங்கருந்து ஒரு போன் வந்தாலே கடை இறங்கி வந்துரும். வரலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், உங்க ஊர்லயே போடலாம், இ-ஜாக்ரிதி போர்ட்டல்லயும் போடலாம், வக்கீல் கட்டாயமில்ல, 5 லட்ச ரூபா வரைக்கும் உள்ளதுக்கு ஃபீஸும் இல்ல. ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டுரணும். 2,200-க்குப் போயி யார் அலையறதுன்னு நினைப்பீங்க, எல்லாரும் அப்படி நினைக்கறதாலதான் அடுத்த ஆளுக்கும் 2,200-ன்னு சொல்றான்.

எனக்கும் ஒரு காலத்துல ஒருத்தர் 200 பிளகின், அதாவது எடிட்டிங் சாஃப்ட்வேரோட சேத்துக்கற குட்டி சாஃப்ட்வேர், அடங்கின பென் டிரைவ்னு ஒண்ணு தலையில கட்டினார். பிளகின் பாதி திறக்கவே இல்ல, வைரஸ் மட்டும் சுத்தமா திறந்துச்சு. அதுலருந்து இந்த விஷயத்துல எனக்குக் கோவம் கொஞ்சம் கூடத்தான் வரும்.

திருவையாறு, பாட்டு டீச்சர்: மாணவர்களுக்கு பாடம் ரெக்கார்ட் பண்ணி அனுப்பறேன். வெளிச் சத்தத்த எடுக்க ஆடாசிட்டில நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டேன், சத்தம் போச்சு, சுருதியும் போச்சு, என் குரலே எனக்கு அடையாளம் தெரியல. வேற நல்ல சாஃப்ட்வேர் வாங்கணுமா?

வேணாம் டீச்சர், இது சாஃப்ட்வேர் குத்தமில்ல. அது வேலை செய்யற விதத்த தெரிஞ்சுக்கிட்டா போதும். மொதல்ல வெறும் சத்தம் மட்டும் இருக்கற ஒரு துண்ட செலக்ட் பண்ணி நாய்ஸ் ப்ரொஃபைல் எடுக்கச் சொல்றீங்கல்ல, அப்ப அது எந்தெந்த அலைவரிசையில எவ்வளவு சத்தம் இருக்குன்னு குறிச்சு வச்சுக்குது. அப்புறம் பாட்டு முழுக்க, அந்தந்த அலைவரிசையில அந்த அளவுக்குக் கீழ எது வந்தாலும் அமுக்குது. அதனாலதான் ஒரே சீரா ஓடற ஃபேன், மோட்டார், ஏசி இதெல்லாம் போகும், காக்கா, ஹாரன், குக்கர் விசில் போகாது.

நீங்க என்ன பண்ணிருப்பீங்கன்னா சுருதிப் பெட்டிய போட்டுட்டு, பாட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இருக்கற துண்ட ப்ரொஃபைலா குடுத்திருப்பீங்க. சுருதிப் பெட்டியவிட சீரா ஓடற சத்தம் ஊர்ல வேற எது இருக்கு? சாவும் பாவும்தான் இரைச்சல்னு அது முடிவு பண்ணிருச்சு. அப்புறம் நீங்க சட்ஜத்துல கார்வை குடுத்து நிறுத்தற எடத்துல எல்லாம், குரல் அடங்கிக்கிட்டே வரும்போது வால வெட்டிவிட்டுருச்சு. வீணை வாசிக்கறவங்களுக்கும் இதேதான், மீட்டினப்புறம் ஒலி கரையற பகுதிதான் மொதல்ல பலியாகும்.

ரெக்கார்ட் பட்டன அமுக்கிட்டு, சுருதி போடாம, வாயத் திறக்காம கொஞ்ச நேரம் சும்மா உக்காருங்க. அதான் ப்ரொஃபைல். அதுக்கப்புறம் சுருதி. இன்னும் நல்ல வழி, சுருதிய ஒரு காதுல இயர்போன்ல கேட்டுக்கிட்டே குரல மட்டும் ரெக்கார்ட் பண்றது, சுத்தம் பண்ணினப்புறம் சுருதிய தனி டிராக்கா கீழ சேத்துக்கலாம். அமுக்கற அளவ 6 டெசிபல்ல ஆரம்பிங்க, பத்தலைன்னா 9, மிஞ்சிப் போனா 12. மொறத்த வேகமா ஆட்டினா கல்லோட அரிசியும் போயிரும். சந்தேகம்னா ஆடாசிட்டில நாய்ஸ் ரிடக்‌ஷன் போடற எடத்துலயே ரெசிட்யூன்னு ஒண்ணு இருக்கு, எத எடுத்துப் போடுதோ அத மட்டும் கேக்கலாம், அதுல உங்க குரல் கேட்டுச்சுன்னா அளவு ஜாஸ்தி. பாத்துட்டு திரும்ப ரிட்யூஸ்க்கு மாத்திருங்க, இல்லைன்னா குப்பைய மட்டும் மாணவர்களுக்கு அனுப்புவீங்க. இந்த வேலைய மொதல்ல முடிச்சிட்டுத்தான் சத்தத்த ஏத்தறது, குரலோட ஏத்த இறக்கத்த சமப்படுத்தற கம்ப்ரெஸர் போடறது எல்லாம். தியாகராஜர் ஆராதனை நாள்ல மட்டும் உங்க ஊர்ல ரெக்கார்டிங்கே வேணாம்.

பட்டுக்கோட்டை: பெட்டியில நாய்ஸ் கேன்சலேஷன்னு பெருசா போட்டிருந்துச்சு, 1,499-க்கு ஹெட்செட் வாங்கினேன். எனக்கு ஒண்ணும் கேக்கல, ஆனா ரெக்கார்டிங்ல சேவல் கூவுறது நல்லா கேக்குது.

ஏஎன்சின்னு, அதாவது ஆக்டிவ் நாய்ஸ் கேன்சலேஷன்னு, போட்டிருந்தா அது உங்க காதுக்கு, மைக்குக்கு இல்ல. பொருள் சொன்னதைத்தான் செஞ்சிருக்கு. மைக்குக்கு ஈஎன்சின்னு போடுவாங்க, அதுவும் போன் பேச்சுக்காக செஞ்சது, குரல மொக்கையாக்கிரும்.

வேதாரண்யம்: லேப்டாப்புல காலர் மைக் மாட்டினேன், மாட்டாதப்ப வந்த அதே இரைச்சல்தான் வருது. 850 ரூபா தண்டமா?

மைக்க விரலால தட்டுங்க. ரெக்கார்டிங்ல டப் டப்னு கேக்கலைன்னா லேப்டாப்போட சொந்த மைக்தான் ஓடுது, செட்டிங்ல மாத்துங்க. காலர் மைக்கே அங்க காட்டலைன்னா பின்னப் பாருங்க, மூணு கருப்பு வளையம் இருந்தா அது போனுக்கான பின், மைக்குக்குன்னு தனி ஓட்டை இருக்கற லேப்டாப்புல சேராது, கன்வர்ட்டர் வாங்கணும். வாங்கறதுக்கு முன்னாடி எதுல மாட்டப் போறோம்னு பாக்க மாட்டீங்களா?

பாபநாசம், வாசகர்: லேப்டாப் சார்ஜர் போட்டா மட்டும் ம்ம்ம்ம்னு ஒரு ரீங்காரம். புது மைக் வாங்கச் சொல்றாங்க.

சார்ஜரக் கழட்டிட்டு பேட்டரில ரெக்கார்ட் பண்ணுங்க, செலவு பூஜ்யம். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதுதான் உள்ள வந்து பாடுது. ஏற்கனவே ரெக்கார்ட் ஆனதுல ஒரே ஒரு அலைவரிசைய மட்டும் வெட்டற நாட்ச் ஃபில்டர 50-ல போடுங்க, இன்னும் கேட்டா 100, 150-லயும். பழைய வீடுன்னா எர்த் சரியா இருக்கான்னு எலக்ட்ரீஷியன விட்டுப் பாருங்க. இணையத்துல யாரோ சொன்னாங்கன்னு பிளக்கோட எர்த் பின்ன மட்டும் வெட்டிராதீங்க, ஷாக் அடிச்சு உயிர் போற வேலை அது.

நாகப்பட்டினம்: ஏஐ வச்சு சத்தம் எடுக்கற ஆப், 3 நாள் ஃப்ரீன்னு போட்டாங்க. பிடிக்கல, டெலீட் பண்ணிட்டேன். 2,999 எடுத்துட்டாங்க. மோசடிதானே?

ஆப்ப டெலீட் பண்ணினா சந்தா போகாது. இத எத்தன தடவ எழுதறது? பிளே ஸ்டோர்ல சப்ஸ்கிரிப்ஷன் பக்கம் போயி கேன்சல் பண்ணணும், யூபிஐ ஆப்புல ஆட்டோபேவையும் நிறுத்தணும். பணம் போயி 48 மணி நேரம் ஆகலைன்னா பிளே ஸ்டோர்லயே ரீஃபண்ட் கேளுங்க, இப்பவே, இத முழுசா படிச்சிட்டு இல்ல. பணம் பிடிக்கறதுக்கு 24 மணி நேரம் முன்னாடி சொல்லணும்னு ரிசர்வ் வங்கி விதி இருக்கு, அந்த மெசேஜ் வந்துச்சா பாருங்க, நீங்க படிக்காம தள்ளிவிட்டிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். கேன்சல் பட்டனையே ஒளிச்சு வச்சிருந்தாங்கன்னா அது வேற கதை, சந்தாப் பொறின்னு 2023 நவம்பர்ல வந்த டார்க் பேட்டர்ன் (ஆளைச் சிக்க வைக்கற ஆப் வடிவமைப்பு) வழிகாட்டுதல்லயே அதத் தடுத்திருக்கு, ஸ்க்ரீன்ஷாட்டோட 1915-க்குப் போங்க.

மயிலாடுதுறை, வாசகி: அப்பா தவறிட்டாங்க. வயல்ல நின்னு போன்ல பேசி அனுப்பின ஒரு வாய்ஸ்தான் இருக்கு, பின்னாடி பம்ப்செட் மோட்டார். ஸ்டுடியோல 8,000 கேக்கறாங்க, மோட்டார் சத்தமே இல்லாம குடுப்போம்னு கேரண்டி.

குடுக்காதீங்கம்மா. கேரண்டின்னு சொல்றவன் கேட்டுப் பாக்காமலே சொல்றான். மொதல்ல அந்த ஃபைல ரெண்டு மூணு எடத்துல காப்பி எடுத்து வச்சிருங்க, எத செஞ்சாலும் காப்பில மட்டும் செய்யுங்க. அப்பா போன் இன்னும் வீட்டுல இருந்து, அதுலயே ரெக்கார்டர் ஆப்புல பேசி வச்சத அனுப்பிருந்தா, வாட்ஸ்அப்புல வந்தத விட அது தரமா இருக்கலாம், தேடிப் பாருங்க. மோட்டார் சீரா ஓடற சத்தம்ங்கறதால திருவையாறு டீச்சருக்குச் சொன்ன ஆடாசிட்டி வழி உங்களுக்கும் இருக்கு, அவங்க பேச்சு நிறுத்தி மூச்சு வாங்கற எடத்துல மோட்டார் மட்டும் கேக்கும்ல, அந்தத் துண்டுதான் ப்ரொஃபைல், 6 டெசிபல் ஒரு தடவ, வேணும்னா இன்னொரு தடவ. சுத்தமா போகாது, போக வைக்கணும்னு நினைச்சா அவங்க குரல் கெட்டுரும். முடியலைன்னா ஊர்ல எடிட்டிங் தெரிஞ்ச பையன் எவனையாவது கேளுங்க, அரை மணி நேர வேலை. வெளியில குடுத்தே ஆகணும்னா ஒரு பத்து செகண்ட் துண்ட மட்டும் குடுத்து செஞ்சு காட்டச் சொல்லி, கேட்டுட்டு அப்புறம் விலை பேசுங்க.

தஞ்சாவூர்: சுவர் பூரா முட்டை அட்டை ஒட்டினா வெளிச் சத்தம் வராதாமே?

வரும். சத்தத்தத் தடுக்க கனம் வேணும், அட்டைக்கு ஏது கனம்? உள்ள எதிரொலி கொஞ்சம் மாறும், அவ்வளவுதான், தீப்பிடிச்சா மட்டும் நல்லா பிடிக்கும். ஸ்டுடியோ ஃபோம்னு மெல்லிசா ஒரு கட்டு வாங்கி நானும் ஒட்டியிருக்கேன், அது கழண்டு விழுந்து இப்ப பூனை படுத்துக்குது. துணி நிறைஞ்ச பீரோவத் திறந்து வச்சு அதப் பாத்து உக்காந்து பேசுங்க, முதுகுக்குப் பின்னாடி கொடில ஒரு போர்வை.

தஞ்சாவூர், இன்னொருத்தர்: மூணு மைக் வாங்கிட்டேன், எதுவும் சரியில்ல. நாலாவதா எது வாங்கலாம்? ரூம்ல ஏசி ஓடிட்டே இருக்கும், அத நிறுத்த முடியாது.

எதுவும் வாங்கக்கூடாது. அடுத்த கடிதத்த ஏசிய நிறுத்திட்டு எழுதுங்க.